இல்லாத உலகத்தின் இருப்புக் கணக்கு

நாக்பூருக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் எங்கள் வீட்டுப் பின்னறையிலிருந்து ஓர் உரையாடலின் பாதி மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினியின் முன் அமர்ந்திருப்பான். மறுமுனையில் கொச்சியிலும் இந்தூரிலும் குவாஹாத்தியிலும் அவனுடைய நண்பர்கள். ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. ஆளுக்கொரு பாத்திரமேற்று, வாளும் மந்திரமும் டிராகன்களும் நிறைந்த ஒரு கற்பனை நாட்டில் கூட்டாக உலவும் இணைய விளையாட்டு அவர்களுடையது. சண்டை ஓய்ந்த இடைவெளிகளில் பேச்சு திரைப்படத்திற்குத் தாவும். எந்த அறிவியல் புனைகதைப் படத்தின் இரண்டாம் பாகம் முதற்பாகத்தை மிஞ்சியது, எது பெயரைக் கெடுத்தது, எதை எடுக்காமலே விட்டிருக்கலாம் என்று நாடாளுமன்ற விவாதத்திற்குக் குறையாத ஆவேசத்துடன் வாதிடுவார்கள்.

வணிகவியல் பட்டதாரியான எனக்கு விண்கலமும் தெரியாது, டிராகனும் தெரியாது. ஆனால் கடன் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்பதால் ஒரு கேள்வி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக் கடனென்றால் கிரயப் பத்திரம் இருக்கிறது. நகைக் கடனென்றால் தட்டில் தங்கம் இருக்கிறது. இன்னும் எடுக்கப்படாத ஒரு படத்தின் தொடர்ச்சிக்கு எதை நம்பிக் கடன் கொடுத்தார்கள்? ஒருநாள் இதை மகனிடம் கேட்டேன். “ஜார்ஜ் லூகாஸைப் பற்றிப் படியுங்கள், அப்பா” என்றான். படித்தேன்.

‘ஸ்டார் வார்ஸ்’ முதற்படம் 1977ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் அமெரிக்காவில் வெளியானபோது, முதல் நாளில் அதைத் திரையிட்டவை வெறும் 32 அரங்குகள். படத்தின் செலவு சுமார் 1.1 கோடி டாலர். இயக்குநர் லூகாஸ் தமக்குரிய சம்பளத்தை உயர்த்திக் கேட்டிருக்கலாம். அதற்கு முந்தைய படத்தின் வெற்றி அந்தத் தகுதியை அவருக்குத் தந்திருந்தது. அவரோ சம்பளத்தை 1,50,000 டாலரிலேயே விட்டுவிட்டு, தொடர்ச்சிப் படங்களின் உரிமையையும் பொம்மை, சட்டை போன்ற வணிகப் பொருள்களின் உரிமையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஃபாக்ஸ் நிறுவனத்திற்கு அப்போது அவை பெரிய சொத்தாகத் தெரியவில்லை. ஏட்டில் மதிப்பே காட்டப்படாத ஒரு சொத்தை ஒருவர் கேட்டு வாங்குகிறார் என்றால், கொடுப்பவர் சற்று நின்று யோசித்திருக்க வேண்டும் என்று இன்று சொல்வது எளிது.

அவ்வாண்டு கிறிஸ்துமஸில் நடந்த ஒரு நிகழ்வை நான் இரண்டு முறை படித்தேன். பொம்மைகளைத் தயாரிக்கும் உரிமையைச் சின்சினாட்டி நகரத்துக் கென்னர் நிறுவனம் பெற்றிருந்தது. படம் இந்த அளவுக்கு ஓடும் என்று எவரும் எதிர்பார்க்காததால் பண்டிகைக்குள் பொம்மைகள் தயாராகவில்லை. என்ன செய்வது? பொம்மையே இல்லாத ஓர் அட்டை உறையை விற்றார்கள்! உள்ளே ஒரு சான்றிதழ். அதைப் பூர்த்தி செய்து அனுப்பினால் அடுத்த ஆண்டு பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் நான்கு பொம்மைகள் தபாலில் வந்து சேரும். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் அந்தத் தாளைக் கடனுறுதிச் சீட்டாக ஏற்காதுதான். ஆனாலும் கிறிஸ்துமஸ் மரத்தடியில் வெறும் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மாதக்கணக்கில் தபால்காரருக்காகக் காத்திருந்த குழந்தைகள் அதை அப்படித்தான் ஏற்றுக்கொண்டார்கள். பொம்மைகளும் வந்து சேர்ந்தன.

லூகாஸ் இரண்டாம் படமான ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’கைத் தம் சொந்தப் பொறுப்பில் எடுத்தார். முதற்படத்தின் லாபமே ஈடு. மீதி வங்கிக் கடன். 1979 மார்ச்சில் நார்வே நாட்டின் ஃபின்ஸ என்னும் பனிப் பகுதியில் படப்பிடிப்பு தொடங்கியபோது கடும் பனிப்புயல் வீசியது. விடுதியை விட்டு வெளியேற முடியாததால், கேமராவை விடுதிக்குள்ளேயே வைத்துக்கொண்டு நடிகரை மட்டும் பனியில் ஓடவிட்டுச் சில காட்சிகளை எடுத்தார்களாம். இங்கிலாந்தில் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த படப்பிடிப்புத் தளங்களில் ஒன்று, வேறொரு படத்திற்காகப் பயன்பட்டுக்கொண்டிருந்தபோது தீப்பிடித்தது. நாள்கள் நீண்டன, 1.8 கோடி டாலராகப் போட்ட மதிப்பீடு 3 கோடியைத் தாண்டியது. முதலில் கடன் கொடுத்த வங்கி பின்வாங்கியது. பாஸ்டன் நகரத்து வங்கியொன்று அந்தக் கடனை ஏற்றுக்கொண்டது. அதுவும் போதாமல் போனபோது ஃபாக்ஸ் நிறுவனத்தின் உத்தரவாதம் தேவைப்பட்டது.

பின்வாங்கிய அந்த வங்கியின் அதிகாரியை ரசிகர்கள் இன்றும் ஏளனம் செய்வதுண்டு. எனக்கு அவர்மீது இரக்கமே மிகுகிறது. மதிப்பீடு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது, வேலை முடியவில்லை, கடனாளர் மேலும் கேட்கிறார். இந்தக் கோப்பு என் மேசைக்கு வந்திருந்தால் நான் என்ன குறிப்பு எழுதியிருப்பேன் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். படம் 1980 மே மாதம் வெளியாயிற்று. மூன்று மாதங்களுக்குள் லூகாஸ் போட்ட பணத்தை எடுத்துவிட்டார். ஊழியர்களுக்கு ஏறத்தாழ 50 லட்சம் டாலர் ஊக்கத்தொகையும் வழங்கினார்.

அந்தப் படத்தின் முடிவில் வில்லன் தன்னையே கதாநாயகனின் தந்தை என்று சொல்கிறான். சொன்னது மெய்யா பொய்யா என்பது 1983இல் மூன்றாம் படம் வந்த பிறகே உறுதியாயிற்று. இடைப்பட்ட மூன்றாண்டுகளும் ரசிகர்கள் பள்ளி முற்றங்களிலும் கடிதங்களிலும் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். வில்லனுக்குக் குரல் கொடுத்த நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸே, வசனத்தை முதலில் படித்தபோது இவன் பொய் சொல்கிறான் என்றுதான் நினைத்தாராம். பாஸ்டன் வங்கியின் கோப்பில் இந்த வாதமெல்லாம் இடம்பெற்றிருக்காது. ஆனால் அவர்கள் கொடுத்த கடனுக்கு மெய்யான ஈடு அதுதான்: ‘அடுத்து என்ன?’ என்று கேட்டுக்கொண்டு காத்திருக்கச் சம்மதித்த மக்கள்.

இந்த ஈட்டுக்கு மதிப்பீட்டாளர் எவரும் கிடையாது என்பதே சிக்கல். 1982இல் வந்த ‘பிளேடு ரன்னர்’ படத்திற்கு 35 ஆண்டுகள் கழித்து, 2017இல், இரண்டாம் பாகம் எடுத்தார்கள். விமர்சகர்கள் போற்றினார்கள், இரண்டு ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன, தயாரிப்பாளர்களுக்கோ நட்டம். ‘அவதார்’ படத்திற்கு 13 ஆண்டுகள் கழித்து 2022இல் தொடர்ச்சி வந்தபோது, முதற்படத்தை எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்றே பலரும் எழுதினார்கள். அது 230 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. கடன் அதிகாரி என்ற முறையில் நான் இரண்டையும் தவறாகக் கணித்திருப்பேன். என் மகனும் இந்தூர்ப் பையனும் ‘பிளேடு ரன்னர்’ பற்றி இன்னும் சமாதானம் ஆகவில்லை.

இப்படித் தந்தைக்கும் மகனுக்கும் பேச ஒரு பொருள் கிடைத்திருந்த நேரத்தில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

இரவு உணவின்போது அவன் முகம் வாடியிருந்தது. இருமுறை கேட்ட பிறகு, “எங்கள் கில்டின் பேங்கைக் காலி செய்துவிட்டார்கள், அப்பா” என்றான். கில்டு என்பது விளையாட்டில் சேர்ந்தியங்கும் தோழர் குழு. ஒவ்வொருவரும் தாம் வென்ற பொற்காசுகளிலும் ஆயுதங்களிலும் ஒரு பங்கைப் பொதுப் பெட்டகத்தில் போட்டுவைப்பார்கள். தேவைப்படும் உறுப்பினர் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாண்டுகளாகப் பெட்டகத்திற்குப் பொறுப்பாயிருந்தவர் ஒரே இரவில் அனைத்தையும் வாரிக்கொண்டு குழுவிலிருந்து விலகிவிட்டார். புனைபெயர் தவிர அவரைப் பற்றி இவர்களுக்கு ஒன்றும் தெரியாது. “இது திருட்டுத்தானே, அப்பா?”

நான் சிரித்துவிட்டேன். “போனால் போகிறது, அதென்ன நிஜப் பணமா? யாரென்றே தெரியாதவனிடம் ஏன் கொடுத்தீர்கள்?” என்றேன். அவன் தயிர்சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் தமிழகத்தின் ஒரு சிற்றூர்க் கிளையில் இருந்தபோது, பணி ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர் வந்தார். தம் சேமிப்பை ஒரு தனியார் சீட்டு நிறுவனத்தில் போட்டிருந்தார். அது ஒருநாள் காலை திறக்கவேயில்லை. எங்கள் வங்கிக்கும் அதற்கும் எவ்விதத் தொடர்பும் கிடையாது. பண விஷயம் பேச வேறு யாரையும் தெரியாததால் என்னிடம் வந்து அமர்ந்திருந்தார். “ஏன் அங்கே போட்டாய் என்று பிள்ளைகளே கேட்கிறார்கள், சார்” என்று அவர் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது. நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்து, காவல்துறைக்கு மனு எழுதிக் கொடுத்தேன். அவரிடம் கேட்காத கேள்வியை என் மகனிடம் கேட்டிருக்கிறேன் என்பது, கைகழுவும்போதுதான் உறைத்தது.

அவன் கேட்ட கேள்விக்கு விடை தேடினேன். ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றமே அதற்கு விடை சொல்லியிருந்தது.

2007இல் நெதர்லாந்தின் லேவார்டன் நகரில் 13 வயதுச் சிறுவன் ஒருவனை, அவனுக்குச் சற்றே மூத்த இரு சிறுவர்கள் அடித்து, கத்தியைக் காட்டி மிரட்டி, ‘ரூன்ஸ்கேப்’ என்னும் கற்பனை உலக விளையாட்டில் அவன் சேர்த்திருந்த ஒரு தாயத்தையும் ஒரு முகமூடியையும் தங்கள் கணக்கிற்கு மாற்றிக்கொண்டார்கள். கையால் தொட முடியாத, பொருளாதார மதிப்பற்ற ஒன்றை எப்படித் திருட முடியும் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிட்டார். 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவற்றைப் பெற அச்சிறுவன் செலவிட்ட காலமும் உழைப்பும் அவற்றுக்கு மதிப்பைத் தந்தன. அவை அவனுடைய வசத்தில் இருந்தன. பறிக்கப்பட்டதால் அவன் அந்த வசத்தை இழந்தான். ஆகவே அது திருட்டே என்று தீர்ப்பாயிற்று. என் மகன் இழந்ததிலும் இரண்டாண்டுக் காலம் இருந்தது.

அந்த உலகங்களின் பணத்தை அறிஞர்களும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. எட்வர்ட் காஸ்ட்ரோனோவா என்ற அமெரிக்கப் பொருளியல் பேராசிரியர் ‘எவர்குவெஸ்ட்’ விளையாட்டின் நோராத் என்னும் கற்பனை நாட்டை ஆராய்ந்து 2001 இறுதியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்நாட்டுப் பொருள்களை விளையாடுபவர்கள் வெளியே இணைய ஏலத்தில் டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த விலைகளைக் கொண்டு அவர் போட்ட கணக்கின்படி, நோராத்தின் நாணயம் அன்றைய ஜப்பானிய யென்னை விட மதிப்புடையது. தலா உற்பத்தி 2,266 டாலர், அதாவது ருஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடைப்பட்ட நிலை. ஐஸ்லாந்து நாட்டின் சி.சி.பி. நிறுவனம் நடத்தும் ‘ஈவ் ஆன்லைன்’ என்ற விண்வெளி விளையாட்டிற்கு 2007இல் முழுநேரப் பொருளியல் வல்லுநர் ஒருவரையே பணியமர்த்தினார்கள். விலைவாசி அறிக்கை வெளியிடுவது அவர் பணிகளுள் ஒன்று. பின்னாளில் அவர் ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவரானார்.

அந்த ‘ஈவ்’ விண்வெளியில் ஆட்டக்காரர்களே ‘ஈபேங்க்’ என்றொரு வங்கியை நடத்தினார்கள். வைப்புத்தொகை வாங்கினார்கள், கடன் கொடுத்தார்கள், வட்டி போட்டார்கள். அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த 27 வயது ஆஸ்திரேலிய இளைஞர் 2009இல் 20,000 கோடி ‘இஸ்க்’ என்னும் விளையாட்டுப் பணத்தைக் கையாடினார். அதை வெளிச்சந்தையில் விற்று, சுமார் 6,300 ஆஸ்திரேலிய டாலர் பெற்றார். வீட்டிற்கு முன்பணம், மகனின் மருத்துவச் செலவு என்று அவர் காரணம் சொன்னார். வங்கித் துறையில் இருபதாண்டுகளுக்கு மேல் கழித்தவர்கள் இந்த இரண்டு காரணங்களையும் விசாரணை அறிக்கைகளில் பார்த்திருப்பார்கள். செய்தி பரவியதும் வைப்பாளர்கள் பணத்தை எடுக்க முண்டியடித்தார்கள். விளையாட்டை நடத்தும் நிறுவனம் அவரை நீக்கியது. ஆனால் கையாடலுக்காக அல்ல! துரோகமும் அந்த விண்வெளியில் ஆட்டத்தின் ஒரு பகுதி. விளையாட்டுப் பணத்தை நிஜப் பணத்திற்கு விற்றதுதான் விதிமீறலாம்.

‘செகண்ட் லைஃப்’ என்னும் மற்றோர் இணைய உலகம், விளையாட்டு என்பதைவிட ஒரு நகரம் போன்றது. அங்கே ‘ஜின்கோ ஃபைனான்ஷியல்’ என்ற பெயரில் இயங்கிய அமைப்பு ஆண்டுக்கு 40 விழுக்காட்டிற்கு மேல் வட்டி தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டியது. 2007 கோடையில் அந்த உலகத்தில் சூதாட்டம் தடை செய்யப்பட்டதும் பலர் ஒரே நேரத்தில் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். கொடுக்க இல்லை. ஆகஸ்டில் அது சரிந்தபோது மக்கள் இழந்தது ஏறத்தாழ 7,50,000 அமெரிக்க டாலர் மதிப்பு. 2008 ஜனவரி முதல், அரசுப் பதிவோ வங்கி உரிமமோ காட்ட இயலாத எவரும் அங்கே வட்டி தருவதாகச் சொல்லக்கூடாது என்று அவ்வுலகை நடத்தும் லிண்டன் லேப் விதி வகுத்தது. நம் நாட்டில் 1960இல் பாலை சென்ட்ரல் வங்கி வீழ்ந்தது. அதன் பிறகு 1962இல் வைப்புக் காப்பீடு வந்தது. அன்று ஒருவருக்கு 1,500 ரூபாய், 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம் ரூபாய். நிஜ உலகம் பல தலைமுறைகளில் பட்டுத் தெரிந்துகொண்டதை அந்தக் கற்பனை உலகம் நான்கைந்து ஆண்டுகளில் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறது.

பிள்ளைகள் விளையாடும் வீட்டுப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. என் மகன் இழந்ததில் ஒரு ரூபாயும் இல்லை. ஆனால் அரிய ஆயுதம் தருகிறேன், கணக்கை விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி ஓ.டி.பி. எண்ணையோ கடவுச்சொல்லையோ கேட்பவர்கள் இந்த உரையாடல்களுக்குள்ளும் நுழைகிறார்கள். பிள்ளை பயன்படுத்தும் கைப்பேசியிலோ கணினியிலோ உங்கள் அட்டை விவரங்களைச் சேமித்து வைக்காதீர்கள். ரூபாய் போய்விட்டால் தயங்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். வங்கிக்கும் உடனே தெரிவியுங்கள். திட்டுவார்களோ என்று அஞ்சிப் பிள்ளை மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குச் சாதகம். நான் சிரித்ததைப் போல நீங்கள் சிரித்துவிடாதீர்கள்.

மறுநாள் மாலை அவனிடம் நெதர்லாந்து வழக்கைச் சொன்னேன். “அது திருட்டுத்தான். நான் சிரித்தது தவறு” என்றேன். அவன் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “உங்கள் பேங்கில் பெட்டகத்தை யார் திறப்பார்கள், அப்பா?” என்று கேட்டான். ஒருவரால் திறக்க முடியாது, இரண்டு அதிகாரிகளிடம் இரண்டு சாவிகள், இரண்டும் சேர்ந்தால்தான் கதவு அசையும், எடுத்ததும் வைத்ததும் பதிவேட்டில் ஏறும், இருவரும் கையொப்பமிட வேண்டும் என்று விளக்கினேன். பதினாறு வயதுப் பையன் கூட்டுப் பொறுப்பு முறையைப் பற்றி இத்தனை கவனமாகக் கேட்பான் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. எங்கள் பயிற்சி வகுப்புகளில் புதிய அலுவலர்கள்கூட இப்படிக் கேட்டதில்லை!

அவர்களுடைய விளையாட்டில் இரண்டு சாவி வைக்க வழியில்லையாம். ஆனால் ஒவ்வொருவரும் ஒரு நாளில் எவ்வளவு எடுக்கலாம் என்று வரம்பு வைக்கலாம். யார் எதை எடுத்தார் என்ற பதிவையும் பார்க்கலாம். இரண்டு வசதிகளும் முன்பே இருந்தவைதான், எவரும் பயன்படுத்தவில்லை. இப்போது பொருளாளருக்கும் வரம்பு உண்டு. ஞாயிறுதோறும் ஆட்டம் தொடங்குமுன் பதிவைச் சரிபார்ப்பது குவாஹாத்திப் பெண்ணின் பொறுப்பு. அந்தப் பெண் முகத்தை இவன் இதுவரை பார்த்ததில்லை.

சென்ற ஞாயிறு பின்னறைக் கதவருகே நின்றேன். பெட்டகத்தில் 340 பொற்காசுகள் இருப்பதாக அவள் படித்திருப்பாள் போலும். இவன், “சரியாக இருக்கிறது” என்றான். அடுத்த நொடி, ‘பிளேடு ரன்னர்’ இரண்டாம் பாகம் மூன்று மணி நேரம் நீண்டிருக்க வேண்டுமா என்று பழைய வழக்கு தொடங்கிவிட்டது.